வயிற்றில் ஒரு வாசல்: எத்தனை பேருக்கு?

2011-ஆம் ஆண்டில் மக்கள் தொகைக் கணக்கு எடுக்க வீடு வீடாக வந்தார்கள். உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள். பெயர் கேட்டார்கள். வயது கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். வீட்டில் யாருக்காவது உடல் குறை உண்டா என்றும் கேட்டார்கள். பார்வை, காது, பேச்சு, கை கால் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். இந்தியா முழுவதும் 2 கோடியே 68 லட்சம் பேருக்கு ஏதோ ஒரு குறை இருப்பதாகக் கணக்கு வந்தது.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. "இந்த வீட்டில் வயிற்றின் வழியாக மலமோ மூத்திரமோ போகிறவர் யாராவது இருக்கிறாரா?"

இப்படியும் ஒரு கேள்வியா என்று சிரிப்பு வரலாம். முகம் சுளிக்கவும் தோன்றலாம். ஆனால் அப்படி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கலாம். சட்டையோ சேலையோ மூடியிருப்பதால் உங்களுக்குத் தெரியாது. அவர்களும் சொல்ல மாட்டார்கள். நம் நாட்டில் இப்படி எத்தனை பேர்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். முதலில் விஷயம் என்ன என்று தெரிந்துகொள்வோம்.

ஸ்டோமா என்றால் என்ன?

நாம் சாப்பிடும் சோறு இரைப்பையில் அரைபடுகிறது. பிறகு சிறுகுடலுக்குப் போகிறது. அங்கே சத்து உடம்பில் சேருகிறது. மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் கெட்டியான மலம் மலக்குடலில் சேர்ந்து, மலவாய் வழியாக வெளியே போகிறது.

இந்தப் பாதையில் எங்காவது அடைப்பு வந்தால் என்ன செய்வது? ஓட்டை விழுந்தால்? ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டி வந்தால்? ரோட்டில் பாலம் இடிந்தால் பக்கத்தில் மாற்றுப் பாதை போடுகிறோம் அல்லவா? டாக்டர்களும் அப்படியே செய்கிறார்கள். வயிற்றுத் தோலில் சிறு துளை போட்டுக் குடலின் ஒரு முனையை வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். மலம் அந்த வழியாக வருகிறது. அந்த வாசலுக்கு ஸ்டோமா என்று பெயர். அது கிரேக்கச் சொல். வாய் என்று பொருள்.

பெருங்குடலில் வாசல் வைத்தால் கொலாஸ்டமி. சிறுகுடலில் வைத்தால் இலியாஸ்டமி. மூத்திரத்துக்கு வைத்தால் யூராஸ்டமி. மூத்திரப்பையை எடுத்துவிட்டால் சிறுகுடலில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, சிறுநீரகத்தில் இருந்து வரும் இரண்டு குழாய்களையும் அதில் இணைத்து, அதன் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவருவார்கள். இந்த முறையை 1950-இல் அமெரிக்க டாக்டர் பிரிக்கர் எழுதி வெளியிட்டார். இன்றும் இதையே செய்கிறார்கள்.

ஸ்டோமாவைப் பார்த்தால் சிவப்பாக, ஈரமாக இருக்கும். நம் வாயின் உட்புறம் போல. தொட்டால் வலிக்காது. ஆனால் அடக்கி வைக்க அதில் தசை கிடையாது. அதனால் மலம் வருவதை நிறுத்த முடியாது. எனவே அதன் மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். நிறைந்தால் காலி செய்ய வேண்டும். சில நாளுக்கு ஒரு முறை பையை மாற்ற வேண்டும்.

இது புதிய வைத்தியம் என்று நினைக்காதீர்கள். 1793-இல் பிரான்ஸ் நாட்டில் பிரெஸ்ட் என்ற ஊரில் மலவாய் இல்லாமல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் வயிறு வீங்கிச் சாகக் கிடந்தது. துரே என்ற டாக்டர் துணிந்து வயிற்றின் இடப்பக்கத்தில் வாசல் வைத்தார். அன்று மயக்க மருந்து கிடையாது. கிருமியைப் பற்றியும் யாருக்கும் தெரியாது. அந்தக் குழந்தை பிழைத்தது. வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது.

மற்ற நாடுகளில் எத்தனை பேர்?

பிரிட்டனில் ஏறத்தாழ 2 லட்சம் பேருக்கு ஸ்டோமா இருப்பதாக அங்குள்ள நோயாளி அமைப்புகள் சொல்கின்றன. அந்த நாட்டின் மக்கள் தொகை 7 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 340 பேரில் ஒருவர். அமெரிக்காவில் 7 லட்சத்து 25 ஆயிரத்தில் இருந்து 10 லட்சம் வரை என்று சொல்கிறார்கள். அதுவும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

நம் நாட்டில் 140 கோடிக்கும் மேல் மக்கள். 340-க்கு ஒருவர் என்றால் 40 லட்சம் பேர் வரும். 2,000 பேர் உள்ள ஓர் ஊரில் ஆறு பேர் இருக்க வேண்டும். உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். மறைத்து வைக்கிற விஷயம் என்றாலும் ஊருக்கு ஆறு பேர் என்றால் ஒருவரையாவது கேள்விப்பட்டிருப்போம். பல ஊர்களில் ஒருவரைக்கூட யாருக்கும் தெரியாது. அப்படியானால் இங்கே அந்தக் கணக்குப் பொருந்தவில்லை. ஏன்?

குளத்துக் கணக்கு

ஒரு நாட்டில் ஸ்டோமாவோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது போல. வாய்க்காலில் வரும் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது. மதகு வழியாகப் போவதையும் பார்க்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு 100 பேருக்குப் புதிதாக ஸ்டோமா வைக்கிறார்கள். அதில் 60 பேருக்கு அது தற்காலிகம். சில மாதத்தில் புண் ஆறியதும் குடலை மறுபடி இணைத்து வாசலை மூடிவிடுவார்கள். மீதி 40 பேருக்கு நிரந்தரம். இந்த 40 பேரும் பத்து ஆண்டு வாழ்ந்தால் அந்த மாவட்டத்தில் எப்போதும் 400 பேர் இருப்பார்கள். மூன்று ஆண்டுதான் வாழ்ந்தார்கள் என்றால் 120 பேர்தான் இருப்பார்கள். ஆபரேஷன் அதே 100 தான். ஆனால் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

இப்போது நம் நாட்டுக் குளத்தைப் பார்ப்போம்.

பணக்கார நாடுகளில் ஸ்டோமா வைப்பதற்கு முக்கியக் காரணம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். பிரிட்டனில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 30 பேருக்கு மேல் இந்த நோய் வருகிறது. நம் நாட்டில் ஏறத்தாழ 5 பேருக்குத்தான் வருகிறது. வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்த கணக்கு இது. வயதானவர்கள் அங்கே அதிகம். இங்கே ஏறத்தாழ பாதிப் பேர் 30 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். ஆகவே வாய்க்காலில் வரும் தண்ணீரே இங்கே குறைவு.

குறைவு என்றாலும் நாடு பெரியது. 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேருக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது. நம் நாட்டில் மலக்குடலில் வருவது அதிகம். இளம் வயதில் வருவதும் அதிகம். கட்டி மலவாய்க்கு மிக அருகில் இருந்தால் மலவாயையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும். அப்போது ஸ்டோமா ஆயுள் முழுவதும் இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலத்தோடு ரத்தம் போனால் நம் மக்கள் "மூலம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மூல மருந்து விற்கிறவரிடம் போகிறார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் போய்விடுகிறது. பல நேரம் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் டாக்டர் விரல் விட்டுப் பார்த்தால் மலக்குடலின் அடியில் உள்ள கட்டி தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. வெட்கப்பட்டு அதைத் தள்ளிப் போடுவதால் கட்டி முற்றிவிடுகிறது. முற்றிய பின் வருகிறவர்கள் நெடுநாள் வாழ்வதில்லை. குளத்தில் தண்ணீர் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணிக்கை குறைவு என்றதும் நாம் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

நம் நாட்டுக்கே உரிய காரணங்கள்

புற்றுநோய் தவிர வேறு வாய்க்கால்களும் இங்கே உண்டு. பணக்கார நாடுகளில் அவை வற்றிவிட்டன. நம்மிடம் இன்னும் ஓடுகின்றன.

டைபாய்டு காய்ச்சல் அதில் ஒன்று. கெட்ட தண்ணீரால் வருவது. சரியாக வைத்தியம் செய்யாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் சிறுகுடலில் ஓட்டை விழலாம். மலம் வயிற்றுக்குள் கசியும். உயிரைக் காக்க அவசரமாக ஆபரேஷன் செய்து பலருக்கு இலியாஸ்டமி வைப்பார்கள். இவர்களில் இளைஞர்கள் அதிகம்.

காசநோய் நுரையீரலில் மட்டும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். குடலிலும் வரும். குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும். உலகில் உள்ள காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். எனவே குடல் காசநோயும் இங்கே அதிகம். வட இந்தியாவில் குடல் முறுக்கிக்கொண்டு அழுகுவதும் நிறைய நடக்கிறது. சாலை விபத்து, மாடு முட்டுவது, கத்திக் குத்து ஆகியவற்றால் குடல் கிழிவதும் உண்டு. இவர்களுக்கு வைப்பது பெரும்பாலும் தற்காலிக ஸ்டோமா.

தற்காலிகம் என்றதும் சுலபம் என்று எண்ண வேண்டாம். மூடுவதற்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டும். மறுபடி பட்டணம் போக வேண்டும். கூலி போகும். முதல் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனே அடைந்திருக்காது. "அடுத்த அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப் போடுவார்கள். மூன்று மாதத்தில் மூட வேண்டிய வாசல் இரண்டு வருஷம் திறந்தே கிடக்கும். டாக்டரின் நோட்டில் அது தற்காலிகம். வீட்டில் அது நிரந்தரம்.

மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு பீடி, சிகரெட் பெரிய காரணம். அதனால் யூராஸ்டமி பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் வைக்கப்படுகிறது. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிப்போய் மூத்திரப்பையோ மலக்குடலோ கெட்டுவிட்டால் ஸ்டோமா வைக்க வேண்டிவரலாம்.

பிறந்த குழந்தைகள்

பிரான்ஸ் நாட்டுக் குழந்தையைப் பற்றிப் படித்தீர்கள். அப்படி மலவாய் சரியாக அமையாமல் 5,000 குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தை பிறக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. 5,000-ஆல் வகுங்கள். 4,600 வரும். அதாவது தினமும் 12 அல்லது 13 குழந்தைகள்.

இவர்களில் சிலருக்கு ஒரே ஆபரேஷனில் சரிசெய்துவிடலாம். பலருக்கு மூன்று கட்டமாகச் செய்ய வேண்டும். முதலில் கொலாஸ்டமி. சில மாதம் கழித்துப் புதிய மலவாய். அது ஆறியதும் கொலாஸ்டமியை மூடுவது. ஆக, இந்தக் குழந்தைகளின் ஸ்டோமா தற்காலிகம். பிறகு பள்ளிக்கூடம் போகலாம், ஓடி விளையாடலாம். சிலருக்கு மலம் அடக்குவதில் சிரமம் இருக்கும். அதற்கும் பயிற்சி உண்டு.

ஆஸ்பத்திரியில் பிறந்தால் நர்ஸ் பார்த்துவிடுவார். வீட்டில் பிறந்தால் யார் பார்ப்பது? குழந்தை பிறந்ததும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். மலவாய் இருக்கிறதா? முதல் 24 மணி நேரத்தில் கருப்பு மலம் போனதா? போகவில்லை என்றால் ஆஷா பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். காத்திருக்கக் கூடாது. பால் கொடுக்கக் கொடுக்க வயிறு வீங்கும். பிறகு வாந்தி வரும்.

பை வந்த கதை

முன்பெல்லாம் ஸ்டோமாவுக்குச் சரியான பை கிடையாது. துணியைக் கட்டுவார்கள். உலோகத்திலும் ரப்பரிலும் கிண்ணம் செய்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். ஒழுகும். நாறும். தோல் வெந்துபோகும்.

டென்மார்க் நாட்டில் எலிஸ் சோரென்சன் என்று ஒரு நர்ஸ் இருந்தார். அவருடைய தங்கை தோராவுக்கு ஸ்டோமா வைத்தார்கள். எங்கே ஒழுகிவிடுமோ என்று பயந்து தங்கை வீட்டை விட்டே வெளியே போகவில்லை. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. 1954-இல் தோலில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையை யோசித்தார். பிளாஸ்டிக் பை செய்யும் ஒருவர் முதலில் மாட்டேன் என்றாராம். அவருடைய மனைவியும் நர்ஸ். அவர்தான் கணவனைச் சம்மதிக்க வைத்தார். அப்படித்தான் உலகத்துக்கு ஒட்டும் பை கிடைத்தது.

அடுத்து அமெரிக்காவில் நார்மா கில் என்ற பெண். அவருக்கே ஸ்டோமா இருந்தது. அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் டர்ன்புல் 1958-இல் அவரை ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். புதிதாக ஸ்டோமா வைத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர் வேலை. இன்று இதற்கென்றே படித்த நர்ஸ்கள் இருக்கிறார்கள். மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரியில் இந்தப் பயிற்சி தருகிறார்கள்.

நம் நாட்டில் நல்ல பை பெரிய ஊர் மருந்துக் கடையில்தான் கிடைக்கும். விலையும் அதிகம். ஒரு பேச்சுக்கு ஒரு பை 150 ரூபாய் என்று வையுங்கள். மூன்று நாளுக்கு ஒன்று மாற்றினால் மாதம் 10 பை. 1,500 ரூபாய். கூலி வேலை செய்கிறவருக்கு இது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். ஆபரேஷன் அதில் அடங்கும். ஆனால் வீட்டுக்கு வந்தபின் 15 நாள் செலவு வரைதான் அதில் சேரும். ஸ்டோமாவோ ஆயுள் முழுவதும் கூட வருவது. பதினாறாம் நாள் என்ன செய்வார்? பாலிதீன் பையைத் துணியால் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஒழுகும் என்று பயந்து வேலைக்குப் போகாதவர்களும் உண்டு. டென்மார்க் தங்கை பட்ட பாட்டை இன்றும் நம் ஊரில் படுகிறார்கள்.

2022 ஜூலை 18 முதல் இந்தப் பைகளுக்கு ஜி.எஸ்.டி. வரியை 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். கொஞ்சம் ஆறுதல்.

பக்கத்தில் யாருக்காவது இருந்தால்

ஸ்டோமா தொற்று நோய் கிடையாது. தொட்டால் ஒட்டாது. அவர் சமைத்ததைச் சாப்பிடலாம். அவர் குளிக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், கோவிலுக்கும் மசூதிக்கும் சர்ச்சுக்கும் போகலாம். பெண்கள் கர்ப்பமாகி நல்லபடியாகக் குழந்தை பெற்றிருக்கிறார்கள். ரொம்பக் கனமான மூட்டையைத் தூக்குவது மட்டும் ஆகாது. ஸ்டோமா பக்கத்தில் குடல் பிதுங்கும்.

வாசலைச் சுற்றிச் சாதாரணத் தண்ணீரால் கழுவித் துடைத்தால் போதும். டெட்டால் வேண்டாம். எண்ணெய் தடவினால் பை ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே பையைக் காலி செய்ய வேண்டும். நிறைய விட்டால் கனத்தில் பிய்ந்துவிடும். இலியாஸ்டமி உள்ளவருக்குத் தண்ணீரும் உப்பும் அதிகம் வெளியேறும். வெயில் காலத்தில் உப்புப் போட்ட கஞ்சியும், உப்பு சர்க்கரைக் கரைசலும் அவருக்கு மருந்து. சிவப்பாக இருக்கும் ஸ்டோமா கருத்துப் போனாலோ, ஒரு நாள் முழுவதும் எதுவும் வராமல் வயிறு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கணக்கு எடுக்க முடியாதா?

முடியும். 1982 முதல் பெங்களூரு, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் புற்றுநோயாளிகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இன்று நாட்டின் பல பகுதிகளில் அந்தப் பதிவு நடக்கிறது. அதனால்தான் மேலே சொன்ன 70 ஆயிரம் என்ற கணக்கு நமக்குக் கிடைத்தது. ஆனால் அங்கே எண்ணுவது நோயை. வாசலை எண்ணுவதில்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைகள் உள்ளன. ஸ்டோமா அதிலும் இல்லை.

எண்ணாத ஆளுக்குப் பை ஒதுக்க முடியாது. ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு எத்தனை பை வேண்டும் என்று தெரிந்தால்தானே அரசு ஆஸ்பத்திரியில் வாங்கி வைக்க முடியும்? எத்தனை நர்ஸ்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதும் அப்படித்தான். ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் இந்த மாதம் எத்தனை வாசல் வைத்தோம், எத்தனை மூடினோம் என்று ஒரு நோட்டில் எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இவர்களைக் கணக்கில் சேர்த்த ஓர் இடம் மட்டும் உண்டு. அது ரயில்வே. சலுகை பெறும் நோயாளிகள் பட்டியலில் ஸ்டோமா வைத்தவர்களும் இருக்கிறார்கள். மாத சீசன் டிக்கெட்டிலும் மூன்று மாத சீசன் டிக்கெட்டிலும் அவர்களுக்குப் பாதிக் கட்டணம். துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. அதற்கென்று ரயில்வே படிவம் இருக்கிறது. அதில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் காட்ட வேண்டும்.